தவமணி வளைத்த பைப்

ரபீக்,

உன் கல்யாணப் பத்திரிகை போன வாரம் அடித்து வந்துவிட்டது. மூன்று கட்டு. உன் அத்தா ஜீப்பிலிருந்து இறக்கிவைத்த கையோடு ஒன்றை உருவிக்கொண்டு, எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் உன் பெயரைத் தாண்டி அடுத்த வரிக்கே போகவில்லை. நீ போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உறைகளில் பேர் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பட்டியல் எழுதும்போது, "தவமணி பேரை எழுதவாடா" என்று கேட்டேன். "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டாய். ஆறு வருஷமாகப் பேசாத கூட்டாளி, அப்படியே போகட்டும் என்று நீ விட்டுவிடலாம். என்னால் விட முடியாது. அவன் செய்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கும் தப்பை அவன் செய்யவில்லை. செய்தது நான். இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். நடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் முழுசாகப் படி.

அந்தக் கார் நம் சீட்டுத் தைக்கும் கடை வாசலுக்கு வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் ஆசைப்பட்டுக் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட வண்டி. பைபர் உடம்பு, கூரை கிடையாது, ரெண்டே சீட்டு, உள்ளே ஒரு எண்ணூறு சிசி எஞ்சின். நீயும் தவமணியும் வாழைத்தார் ஏற்றும் மினி லாரியில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். இறக்கிவிட்டு நீ பெருமையாக என்னைப் பார்த்தாய். நான் மேலே கூரையைத் தேடினேன், கதவைத் தேடினேன், ரெண்டும் இல்லை. உன் அத்தா ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏலே, மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. நீ மட்டும் கோபித்துக்கொண்டு, "இது ரேஸ் டிராக்ல ஓட்டுற காருத்தா, இதுல இன்னும் நெறைய கழட்டணும்" என்றாய். நாங்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தோம்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதைக்கு அது வேண்டும். உன் அத்தா கம்பம்மெட்டு வளைவுகளில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டி ஓட்டி, முப்பத்தைந்து வயதிலேயே குனிந்தால் நிமிர முடியாமல் இருந்தார். அவருக்காகத்தான் நான் முதல் சீட்டைத் தைத்தேன். அடியில் ரப்பர் போட்ட தென்னைநார், அதற்கு மேல் மெத்துமெத்தென்ற போம், மேலே ரெக்ஸின். ஒரு மாதத்தில் அவர் வலி இல்லாமல் நடந்தார், ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் வரிசையாக வந்தார்கள். "அம்மா கைச் சீட்டுல உக்காந்தா குமுளி போயி வந்தது தெரியாது" என்று அவர்கள் சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நம் கடையில் எதற்கும் ஒரே வைத்தியம்தான்: இன்னும் கொஞ்சம் நார் வை. இருபத்தைந்து வருஷம் அப்படி வண்டிக்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாழ்ந்தவளின் வீட்டில், வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் பிள்ளை வளர்ந்தான்.

என்னவெல்லாம் கழற்றினாய்! தரை விரிப்பு போனது, பக்கத்து சீட்டு போனது, ஸ்டெப்னி போனது, ஹாரன் போனது. ஹாரன் இல்லாமல் ஒரு வண்டி கம்பத்தில் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தகடு எங்கெல்லாம் தடிமனாகக் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் டிரில் வைத்து ஓட்டை போட்டாய். வாரம் ஒரு தடவை வாழை மண்டிக்குப் பக்கத்து எடைமேடைக்குத் தள்ளிக்கொண்டு போவீர்கள். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நீ கால்கிலோ போல்ட்டைக் கழற்றிவிட்டுப் போய் நிற்பாய், அது அசையாது, நீ மேடைக்காரருடன் சண்டை போடுவாய். கடைசியில் திராட்சை நிறுக்கும் தராசை இரவல் வாங்கிவந்து ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக நிறுத்து நோட்டில் எழுதினாய். உன் அத்தா ஒருநாள் உன் தட்டில் நாலாவது பரோட்டாவைப் பார்த்துவிட்டு, "டிரைவர் எடையும் சேத்திதானப்பா?" என்றார். அதை நீ நிஜமாகவே எடுத்துக்கொண்டு மூன்று மாதம் இரண்டு பரோட்டாவோடு எழுந்தாய். பக்ரீத் பிரியாணியை நீ பாதியில் வைத்த அன்று நான் அடுப்படியில் போய் அழுதேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

தவமணி மட்டும் எதற்கும் சிரிக்க மாட்டான். பள்ளிக்கூடத்தில் ஒரே உயரம் என்று உங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள், அதிலிருந்து பிரியவே இல்லை. உத்தமபாளையத்தில் அவன் வெல்டிங் பட்டறையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் சைக்கிளில் வந்துவிடுவான். கார் உருண்டால் தலை நசுங்காமல் இருக்க, ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பைப் வளைந்து நிற்க வேண்டுமே, ரோல் பார் என்பீர்களே, அதை அவன்தான் வளைத்தான். நீ பழைய சீட்டில் ஹெல்மெட் மாட்டி உட்கார்ந்தாய், அவன் அளவெடுத்தான். பைப்பின் உச்சியிலிருந்து காரின் முன்மேட்டுக்கு ஒரு கம்பை வைத்தால் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி என்று எனக்கும் விளக்கினீர்கள். நான் பாதிதான் காதில் வாங்கினேன். ஆனால் அவன் அன்று சொன்ன ஒரு வார்த்தை எல்லார் காதிலும் விழுந்தது. "ரெண்டு இஞ்சு கொறச்சா அரைக்கிலோ மிச்சம், அறுத்துறவாடா?" என்றான். எனக்குத் தெரிந்து அவன் அடித்த ஒரே ஜோக் அதுவாகத்தான் இருக்கும். அதுதான் அவனுக்கே வினையாக வந்து முடிந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது சீட்டு. நீ அந்தச் சீட்டின் வெறும் கூட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "அம்மா, அரை இஞ்சு போம். அதுக்கு மேல ஒரு நூலு கூட வேணாம்" என்றாய். நானும் தலையாட்டினேன். நீ போனபிறகு வாசலில் நின்ற காருக்குள் குனிந்து பார்த்தேன். சீட்டு உட்காரும் இடத்தில் ஒரு தகடு, அதிலும் நீ போட்ட ஓட்டைகள், அதன் வழியாகத் தெருவின் மண் தெரிந்தது. என் பிள்ளை உட்காரும் இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் நாலு விரல்கடைதான். அங்கே உன்னை அரை இஞ்சு போமில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயம் பாதி, கர்வம் பாதி. என் கடையிலிருந்து அவ்வளவு ஒல்லியாக ஒரு சீட்டு வெளியே போவதா என்றும் இருந்தது. கூட்டுக்கு உள்ளே, வெளியில் தெரியாதபடி, நல்ல கெட்டியான நார் ஷீட்டை இரண்டு மடிப்பாக வைத்து, அதற்கு மேல் நீ சொன்ன அரை இஞ்சு போமைப் போட்டுத் தைத்தேன். ஓரத்தைப் பார்த்தால் அரை இஞ்சுதான். கோயம்புத்தூர் ரேஸ் டிராக்குக்குக் கிளம்பும் நாள் காலையில்தான் கொடுத்தேன். அவசரத்தில் நீ ஓரத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு போல்ட்டை முடுக்கிவிட்டாய். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை.

நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தேனே, அந்தப் பயணத்துக்கு ஈடாக இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. மினி லாரியின் முன்னால் நாம் நாலுபேர், பின்னால் தார்ப்பாய் மூடிய கார். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம், தார்ப்பாய் காற்றில் விலகிவிட்டது, அதற்குள் ஒரு கூட்டம். ஒருவர், "எந்த ஊருல சர்க்கஸு?" என்று கேட்டார். உன் அத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "கோயம்புத்தூரு. எம்மகன்தேன் கோமாளி" என்றார். நீ அன்றைக்குக் கோபப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக உன்னை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அத்தாவின் தங்கை வீட்டில் இறங்கியதும் உன் குப்பி போட்ட மூன்று தோசையோடு போதும் என்றாய். நாளை ஓட்டிவிட்டு வந்து முப்பது தின்கிறேன் என்றாய்.

மறுநாள் டிராக்கில் என்ன நடந்தது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அதைப் பார். நான் டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பிவேலி ஓரம் நிற்கிறேன். நீ ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி உட்கார்கிறாய், என்னைப் பார்த்து, "சீட்டு நல்லா இருக்கும்மா" என்று கத்துகிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சோதனை செய்யும் அதிகாரி ஒவ்வொரு காராக வந்து, உன்னிடம் வந்ததும் கம்பை வைக்கிறார். கம்பு உன் ஹெல்மெட்டில் இடித்து நிற்கிறது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: ரோல் பார் உயரம் குறைவு, இந்த வண்டியை விட முடியாது, அடுத்த தடவை சரிசெய்துகொண்டு வாருங்கள். அடுத்த தடவை என்பது நாலு மாதம் கழித்து. உனக்கோ அடுத்த வாரம் பூனாவில் வேலையில் சேர வேண்டும். பதினாலு மாதம் நீ ராப்பகலாக உழைத்த வண்டி, ஒரு சுற்றுகூட ஓடாமல் ஓரமாகத் தள்ளப்பட்டது. தவமணி உன் பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்தான், சீட்டில் கையை ஊன்றினான், அப்படியே கொஞ்ச நேரம் நின்றான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவமானத்தில் நிற்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். நீ அவனிடம் சத்தம் போடவில்லை. மெதுவாகக் கேட்டாய்: "ரெண்டு இஞ்சுல அரைக்கிலோ மிச்சம் புடிச்சிட்டியாலே?" அவன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். பிறகு, "அளவுல எங்கனயோ தப்பிருச்சுடா" என்றான்.

திரும்பி வரும்போது நீ பின்னால் காரோடு உட்கார்ந்துகொண்டாய். முன்னால் அவன் என் பக்கத்தில். என் வாய் சும்மா இருக்குமா? "ஒருத்தன் உசுருக்கு வக்கிற பைப்பு. அளவு பாத்து அறுக்க வேணாமா தம்பி?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். டிபன் கேரியரைத் திறந்து கொடுத்தேன், அதையும் வாங்கிச் சாப்பிட்டான். உத்தமபாளையத்தில் இறங்கியபோது நீ கீழே இறங்கி அவனுக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. நீ பூனாவுக்குப் போனாய், கார் நம் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் போனது.

ஒரு வருஷம் கழித்து எலித்தொல்லை வந்தது. எலி எதைக் கடித்தாலும் பொறுப்பேன், ரெக்ஸினைக் கடித்தால் பொறுக்க மாட்டேன். அந்தச் சீட்டைக் காப்பாற்றலாம் என்று கழற்றிக்கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தேன். உள்ளே நான் வைத்த நார், கொஞ்சமும் அமுங்காமல் வைத்தபடியே இருந்தது. என் கைவேலை அல்லவா. சும்மா டேப்பை வைத்துப் பார்த்தேன். இரண்டேகால் இஞ்சு. டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அதிகாரி வைத்த கம்பு, உன் ஹெல்மெட், நீ கேட்ட கேள்வி, நான் லாரியில் பேசிய பேச்சு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. பைப் குட்டையாக இல்லை ரபீக். உன்னைத்தான் நான் உயரத்தில் தூக்கி உட்காரவைத்திருந்தேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. முதலில், நீ புது வேலையில் இருக்கிறாய், பழசைக் கிளற வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, வரும்போது நேரில் சொல்லலாம் என்றேன். நீ வந்தாய், ஊருக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தாய், போனாய். நாள் ஆக ஆக வாய் இறுகிப்போனது. உள்ளே இருந்த உண்மையான காரணம் இன்னும் அல்பமானது: என் சீட்டால் ஒரு வண்டி ஓடாமல் போனது என்று என் வாயால் சொல்ல எனக்கு ரோசம். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாய், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். தப்புச் செய்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. மறுநாள் காலையில் அது இரண்டு மடங்கு கனக்கும். கனத்தைக் குறைப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் பத்திரிகைக் கட்டு வந்த மறுநாள், உன் அத்தாவின் ஜீப்பில் ஏறி உத்தமபாளையத்தில் இறங்கினேன். தவமணி பட்டறையில் கேட் ஒன்று செய்துகொண்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்கம்மா, அத்தா நல்லா இருக்காகளா?" என்றான், நேற்றுப் பார்த்தவனைப்போல. நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றான். எப்படிடா என்றேன். "பெல்ட்டு அவுக்கையில கைய ஊணுனேன்ல. கைக்குக் கீழ நாரு நெறுநெறுன்னுச்சு. நிமிந்து பாத்தா நீங்க டிபன் கேரியரோட சிரிச்சுக்கிட்டு நின்னீக. அத்தன பேரு முன்னாடி உங்க சீட்டாலதான்னு சொல்லவா? சொன்னாலும் அதப் பிரிச்சு மாட்டுறதுக்குள்ள டிராக்க மூடிருப்பாக."

அதற்குப் பிறகாவது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "ஒரு வாரத்துல அவனே வந்துருவான்னு நெனச்சேன். வரல. நான் அறுத்துருப்பேன்னு எப்படிம்மா நம்புனான்? அதுல எனக்கும் ரோசம் வந்துருச்சு" என்றான். கேட்டாயா? மூன்று பேருக்கும் ரோசம், நடுவில் அந்தப் பைப் மட்டும் சரியான அளவில் நின்றுகொண்டிருக்கிறது. நான் அங்கேயே அழுதேன். அவன் பதறிப்போய், "அம்மா, டீ சொல்லவா, போண்டா சொல்லவா" என்று அலைந்தான். இரண்டையும் சொல்லச் சொன்னேன். நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பத்துக்கு வந்தான். தார்ப்பாயை விலக்கினோம். நான் புதுச் சீட்டுத் தைத்து வைத்திருந்தேன்: அரை இஞ்சு போம், அதற்கு மேல் ஒரு நூல் இல்லை. அவன் பிடித்துப் பார்க்கவில்லை, டேப்பை எடுத்து அளந்தான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எடைமேடைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். மேடைக்காரர் உன்னைத்தான் முதலில் விசாரித்தார், இப்போதும் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது என்று சொல்லச் சொன்னார். கழற்றிப்போட்ட இடது பக்கத்துச் சீட்டையும் தைத்துவிட்டேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்தக் கார்தான் என்று உன் அத்தாவும் தவமணியும் முடிவுசெய்துவிட்டார்கள், ஹாரன் மட்டும் வேண்டும் என்று அத்தாவின் கட்டளை. பெண்ணும் உன்னோடு ஏறுவாளாம். அவள் சீட்டுக்குப் போம் எவ்வளவு என்று நானாக முடிவுசெய்யவில்லை. போன் போட்டு அவளிடமே கேட்டேன். ஒரு இஞ்சு என்றாள். ஒரு இஞ்சுதான் வைத்திருக்கிறேன்.

கடைசியில் உன் ஹெல்மெட்டைத் தூசி தட்டி எடுத்துவந்து தவமணி தலையில் மாட்டினேன். இன்றும் உன் உயரம்தான் அவன். காருக்குள் இறங்கிப் புதுச் சீட்டில் உட்கார்ந்தான். துணி வெட்டும்போது வைக்கும் என் நீளமான மரச்சட்டத்தை எடுத்து, ஒரு முனையை அவன் வளைத்த பைப்பின் உச்சியிலும் மறுமுனையை முன்மேட்டிலும் வைத்துப் பிடித்தேன். சட்டத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் என் விரல் இரண்டு தாராளமாக நுழைந்தது. "இருக்காம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். "இருக்குடா" என்றேன். அதற்குப் பிறகும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "கழத்துடா, வேர்க்கும்" என்றேன். "இருங்கம்மா, கண்ணுல தூசி" என்றான், முகக்கண்ணாடியை இறக்கி மூடிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை தேனியில் பஸ் ஏறும்போது கம்பத்துக்கு டிக்கெட் எடுக்காதே. உத்தமபாளையத்தில் இறங்கு. இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகை வைத்திருக்கிறேன். மற்ற எல்லா உறையிலும் நான் பேர் எழுதிவிட்டேன், இதில் மட்டும் எழுதவில்லை. அதை நீதான் எழுத வேண்டும்.

உன் அம்மா